முதல் காய்ச்சல் வந்த அன்றே பள்ளியை மூடியிருக்க வேண்டுமா, டாக்டர்?

கடிதம் எழுதியவர் ஒரு தலைமை ஆசிரியை. அவருடைய பள்ளியில் 640 மாணவர்கள், 31 ஆசிரியர்கள். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, ஏழாம் வகுப்பின் ஒரு பிரிவில் 38 பேரில் 17 பேர் வரவில்லை. புதன்கிழமைக்குள் காய்ச்சலும் இருமலும் மற்ற வகுப்புகளுக்கும் பரவின. ஐந்து ஆசிரியர்கள் படுத்துவிட்டார்கள். வாசலில் வெப்பமானி வைத்துப் பார்த்தார். வகுப்பறைகளில் கிருமிநாசினி புகை அடிக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை முதல் நான்கு நாட்கள் பள்ளியை மூடினார். திறந்த பிறகும் காய்ச்சல் இரண்டு வாரம் ஓடியது. பரிசோதனையில் அது ப்ளூ என்று தெரிந்தது. ஆஸ்துமா உள்ள ஒரு பத்து வயதுச் சிறுமி ஆறு நாட்கள் மருத்துவமனையில் இருந்து குணமாகி வந்தாள்.

இன்னொன்றையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பதற்றத்தில், முதலில் காய்ச்சல் வந்த மாணவனின் பெயரைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். “இவனால்தான் வந்தது” என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். ஐந்து நாளில் குணமான பையன் மூன்று வாரம் பள்ளிப் பக்கமே வரவில்லை.

இப்போது நிர்வாகம் பெருந்தொற்றுக் காலத்துக்கு ஒரு திட்டம் கேட்கிறது. அவர் மனதில் நான்கு யோசனைகள் இருக்கின்றன: முதல் நோயாளி தெரிந்ததும் பள்ளியை மூடுவது, வாசலில் தினமும் வெப்பம் பார்ப்பது, எல்லோருக்கும் ப்ளூ மாத்திரை வாங்கி வைப்பது, மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் யாரையும் திரும்பச் சேர்க்காமல் இருப்பது. கடைசியாகக் கேட்கிறார்: “நான்கு நாள் முன்பே மூடியிருந்தால் அந்தப் பெண் மருத்துவமனைக்குப் போயிருக்க மாட்டாள், இல்லையா?”

மருத்துவரின் பதில்

அன்புள்ள தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது.

ப்ளூ கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய ஒன்று முதல் நான்கு நாட்கள் ஆகும். பெரும்பாலும் இரண்டு நாள். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அது மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். திங்கட்கிழமை 17 பேர் வரவில்லை என்றால், அவர்களில் பலருக்கு முந்தைய வியாழன், வெள்ளியிலேயே தொற்றியிருக்கும். அப்போது உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. வகுப்பில் ஒரு பையன் மூக்கை உறிஞ்சியிருப்பான், அவ்வளவுதான். அந்த வியாழன், வெள்ளியில் பள்ளியை மூட உங்களிடம் எந்தக் காரணமும் இருந்திருக்காது. அந்தச் சிறுமிக்கு வீட்டிலோ வெளியிலோகூடத் தொற்றியிருக்கலாம். அவளுக்காக முன்கூட்டியே செய்திருக்கக்கூடிய வேறு சில விஷயங்கள் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன். பள்ளியை மூடுவது அதில் இல்லை.

இதே கணக்கு அந்தப் பையனுக்கும் பொருந்தும். முதலில் காய்ச்சல் தெரிந்தவன்தான் முதலில் தொற்றியவன் என்று சொல்லவே முடியாது. அறிகுறி லேசாக இருந்து வகுப்பில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரிடமிருந்து அவனுக்கு வந்திருக்கலாம்; அது ஓர் ஆசிரியராகவும் இருக்கலாம். ஒரு குழந்தையின் உடல்நிலை அந்தக் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் உரியது. “ஏழாம் வகுப்பில் சிலருக்குக் காய்ச்சல். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலோ இருமலோ இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்” என்பது பெற்றோருக்குப் போதும். பெயர் தெரிவதால் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் கூடுவதில்லை. கெடுதல்தான் நடக்கும்: பெயர் வெளியே வரும் என்று தெரிந்தால் அடுத்த முறை பெற்றோர் காய்ச்சலை மறைப்பார்கள். மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். உங்கள் திட்டத்தில் முதலில் எழுத வேண்டிய வரி இது என்பேன்: எந்தச் சூழலிலும் பெயர் சொல்வதில்லை.

வழக்கமான ப்ளூவும் பெருந்தொற்றும்

நீங்கள் பார்த்தது ஆண்டுதோறும் வந்துபோகும் ப்ளூவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெருந்தொற்று வேறு. பெரும்பாலானவர்களின் உடல் இதற்கு முன் சந்தித்திராத ஒரு புதிய ஏ வகை ப்ளூ கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகப் பரவத் தொடங்கும்போது அது வருகிறது. 1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் அப்படி வந்தது. 1957இல் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்ததும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நோய் வேகமெடுத்தது. 2009 ஏப்ரலில் நியூயார்க்கில் முதன்முதலாகப் பெரிய அளவில் அது தெரியவந்த இடம் ஓர் உயர்நிலைப் பள்ளி. குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, கிருமியை அதிக நாட்கள் வெளியேற்றுகிறார்கள், நாள் முழுக்க நெருங்கி உட்காருகிறார்கள். அதனால் பெருந்தொற்றின் முதல் அலை பள்ளியைத் தேடி வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

இன்னொரு வேறுபாடு தடுப்பூசி. புதிய கிருமிக்கான தடுப்பூசி தயாராகி வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். முதல் ஆறு மாதங்களுக்கு உங்கள் கையில் இருப்பவை ஜன்னல், சோப்பு, முகக்கவசம், வருகைப் பதிவேடு, பெற்றோரின் நம்பிக்கை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இவற்றை அமைதியான நாட்களிலேயே பழக்கியிருந்தால்தான் நெருக்கடியில் கைகொடுக்கும்.

பள்ளியை எப்போது மூடுவது?

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் மருத்துவ உலகமும் இதில் தடுமாறித்தான் கற்றுக்கொண்டது.

1918இல் அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க்கும் சிகாகோவும் மூடவில்லை. நியூயார்க்கில் குழந்தைகள் நலப் பிரிவின் தலைவராக இருந்த டாக்டர் ஜோசபின் பேக்கர், பள்ளியைத் திறந்து வைக்கும்படி வாதாடினார். அந்த நகரத்தில் ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்கள். அவர்களில் பெரும்பாலோர் காற்றோட்டமில்லாத, நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். பள்ளியில் இருந்தால் தினமும் ஒரு பெரியவர் அவர்களைப் பார்ப்பார், நோயைக் கண்டுபிடிப்பார் என்பது அவருடைய வாதம். பிள்ளைகள் வெளியே கூட்டம் கூடாமல் நேராக வகுப்புக்குப் போனார்கள். காலையிலேயே ஆசிரியர்கள் அறிகுறி பார்த்தார்கள். நோயுற்றவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த முடிவு சரியா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. ஆரம்பத்திலேயே பள்ளிகளை மூடி, கூட்டங்களையும் தடைசெய்த செயின்ட் லூயிஸ் போன்ற நகரங்களில் இறப்பு குறைவாக இருந்தது என்பதும் உண்மை.

2009இல் என்ன நடந்தது? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மே மாதத் தொடக்கத்தில், நோய் தெரியும் பள்ளிகளை 14 நாட்கள் வரை மூடலாம் என்றது. நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடின. நோய் முதலில் அஞ்சிய அளவுக்குக் கடுமையாக இல்லை, ஊரிலும் ஏற்கெனவே பரவிவிட்டது என்று தெரிந்ததும் மே 5 அன்று அந்த ஆலோசனையை மாற்றிக்கொண்டது: பள்ளி நடக்கட்டும், நோயுற்ற பிள்ளைகள் மட்டும் வீட்டில் இருக்கட்டும் என்று. அதே மாதம் ஜப்பானின் ஒசாகா, கோபே பகுதிகளில் பரவலின் தொடக்கத்திலேயே பள்ளிகளை ஏறத்தாழ ஒரு வாரம் பரவலாக மூடினார்கள். நோயாளிகள் எண்ணிக்கை குறைந்தது. ஹாங்காங்கில் 2008 மார்ச்சில் தொடக்கப் பள்ளிகளை இரண்டு வாரம் மூடினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, மூடுவதற்கு முன்பே பரவல் இறங்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது. மூடியதால் பெரிய பலன் கிடைத்ததாகக் காண முடியவில்லை.

இவற்றை வைத்து நான் புரிந்துகொண்டது இது. பள்ளியை மூடுவதில் அர்த்தமுள்ள இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, நோய் ஊருக்குள் பரவும் முன்பே, பல பள்ளிகள் சேர்ந்து, போதுமான நாட்களுக்கு மூடுவது. இது பரவலைத் தள்ளிப்போட்டு மருத்துவமனைகளுக்கு மூச்சுவிட நேரம் தரும். நோய் கடுமையாக இருந்தால் இது தேவைப்படும். ஆனால் ஒரு தலைமை ஆசிரியை தனியாக எடுக்கும் முடிவு அல்ல இது. சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து எடுக்க வேண்டியது. இரண்டாவது, பாதிக்கு மேல் ஆசிரியர்கள் படுத்துவிட்டார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்ற நிலை. அப்போது மூடுவது நோயைத் தடுக்க அல்ல, வேறு வழியில்லாததால்.

நீங்கள் செய்தது இந்த இரண்டிலும் சேராது. பரவல் உச்சத்துக்குப் போன பிறகு நான்கு நாள் மூடினீர்கள். ப்ளூ வந்தவர்களிடமிருந்து அறிகுறி தொடங்கி ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை கிருமி பரவும். சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் அதிக நாள். நான்கு நாளில் சங்கிலி அறுந்திருக்காது. அந்த நாட்களில் பிள்ளைகள் வேறு இடங்களில் ஒன்றாக விளையாடியிருப்பார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு உங்கள் கையில் எழுதிவைத்த திட்டம் இல்லை, அதனால் பதற்றம் முடிவெடுத்தது.

மூடுவதற்கு ஒரு விலை உண்டு என்பதை நாம் எல்லோரும் கோவிட் காலத்தில் பார்த்தோம். 2020இல் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் படிப்பு நின்றது. பள்ளியில் கிடைக்கும் சாப்பாட்டை நம்பியிருந்த கோடிக்கணக்கான பிள்ளைகள் அதை இழந்தார்கள். எனவே மூடும் பக்கத்தை எழுதும்போது, படிப்பு எப்படித் தொடரும், போன் இல்லாத வீட்டுக்குப் பாடம் எப்படிப் போகும், பள்ளியில் சாப்பிடும் பிள்ளைக்குச் சாப்பாடு எப்படிப் போகும் என்ற மூன்றுக்கும் அதே பக்கத்திலேயே பதில் எழுதுங்கள்.

வாசலில் வெப்பம் பார்ப்பது

இதில் அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள். காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே பரவல் தொடங்கிவிடும் என்றேன். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் சில மணி நேரத்துக்கு வெப்பமானி ஒன்றும் காட்டாது. போதாததற்கு வாசலில் வரிசை நின்று பிள்ளைகள் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு காத்திருப்பார்கள். முதல் பாடவேளையில் ஆசிரியர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்பது அதைவிட மேல். புகை அடிப்பதற்கும் இதே பதில்தான். ப்ளூ முக்கியமாக இருமல், தும்மல், பேச்சில் தெறிக்கும் துளிகளாலும் மூடிய அறையின் காற்றாலும் பரவுகிறது. அந்தப் பணத்தில் திறக்க வராத ஜன்னல்களைச் சரிசெய்யுங்கள், கை கழுவும் குழாய்களில் சோப்பு தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேசை, கதவுப் பிடிகளை வழக்கமான சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும்.

நோயுற்ற பிள்ளை வீட்டில் இருக்க முடிகிறதா?

உங்கள் நான்கு யோசனைகளிலும் இல்லாதது இதுதான். என்னைக் கேட்டால் திட்டத்தின் அச்சாணி இதுவே.

காய்ச்சலோடு ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவருக்கு ஆண்டுவிழாவில் பரிசு கொடுக்கிறோம். தேர்வைத் தவறவிட்டால் மறுதேர்வு இல்லை என்கிறோம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. இப்போது நீங்கள் மருத்துவச் சான்றிதழையும் சேர்க்கப்போகிறீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் குணமான பிள்ளைகளெல்லாம் ஒரு காகிதத்துக்காக மருத்துவமனை வரிசையில் போய் நிற்பார்கள். மூச்சுத்திணறலோடு வந்தவர் அவர்களுக்குப் பின்னால் காத்திருப்பார். சான்றிதழுக்குச் செலவு செய்ய முடியாத வீட்டில் ஒன்று பிள்ளையைப் பல நாள் நிறுத்திவைப்பார்கள், அல்லது காய்ச்சலையே சொல்ல மாட்டார்கள்.

அதற்குப் பதில் ஒரே விதி போதும்: காய்ச்சல் குறைக்கும் மாத்திரை எதுவும் போடாமல், காய்ச்சல் இல்லாமல் முழுதாக 24 மணி நேரம் கழிந்த பிறகு வரலாம். கடுமையான பெருந்தொற்று என்றால் சுகாதாரத் துறை நாட்களைக் கூட்டும். அப்போது அதைப் பின்பற்றுங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் விதி இதைவிடக் கண்டிப்பானது: நோய் தொடங்கி ஐந்து நாள் கழிந்திருக்க வேண்டும், காய்ச்சல் விட்டு இரண்டு நாளும் ஆகியிருக்க வேண்டும். உங்களால் அந்த அளவுக்குப் போக முடிந்தால் நல்லது. எதுவாக இருந்தாலும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு வரி போதும் என்று வையுங்கள்.

வருகைப் பரிசை நிறுத்துங்கள். இந்த ஆண்டே நிறுத்துங்கள். ஆசிரியர்களின் விடுப்புக்கும் இதே நியாயம்தான். சம்பளம் பிடிக்கப்படும் என்று பயந்து இருமிக்கொண்டே பாடம் நடத்தும் ஆசிரியர் ஒரு நாளில் ஐந்து வகுப்புகளுக்குப் போய் வருகிறார். நிர்வாகத்திடம் இதைப் பேசும்போது விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாத்திரையும் ஆபத்தான நிலையில் இருக்கும் பிள்ளைகளும்

ஓசெல்டாமிவிர் போன்ற ப்ளூ மருந்துகளைப் பள்ளி வாங்கி எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது. அவை மருத்துவர் பார்த்து, எடைக்கேற்ப எழுதித் தர வேண்டியவை. வாந்தி போன்ற பக்கவிளைவுகள் உண்டு. எல்லோருக்கும் கொடுத்தால் தேவைப்படுபவருக்குத் தட்டுப்பாடு வரும். கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும் வாய்ப்பும் கூடும். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அவை நன்றாக வேலை செய்யும். அதனால் உங்கள் வேலை, யாருக்கு அவசரம் என்று முன்பே தெரிந்து வைத்திருப்பது.

இங்கேதான் அந்த ஆஸ்துமாச் சிறுமிக்கு வருகிறேன். ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை நோய், சிறுநீரக நோய், எதிர்ப்புச் சக்தி குறைந்த நிலை, நரம்பு சார்ந்த குறைபாடு உள்ள பிள்ளைகளின் பட்டியல் ஒன்று, பெற்றோர் சம்மதத்தோடு, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். உங்களுக்கும் இன்னும் ஒருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வகுப்பில் காய்ச்சல் பரவத் தொடங்கிய அன்றே அந்த வீடுகளுக்குப் போன் செய்யுங்கள்: “காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.” இந்த ஒரு அழைப்பு, நான்கு நாள் மூடுவதைவிட அந்தப் பெண்ணுக்கு உதவியிருக்கக்கூடும். அவளுடைய இன்ஹேலர் பள்ளியிலும் ஒன்று இருக்கட்டும். ஆண்டுதோறும் ப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி இந்தப் பெற்றோரிடம் பேசுங்கள். போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு கிடைக்கும், எனவே பரவல் காலத்துக்கு முன்பே போட வேண்டும். கர்ப்பமாக இருக்கும் ஆசிரியைகளையும் மறக்காதீர்கள். 2009இல் கர்ப்பிணிகள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

அப்புறம், முதலுதவிப் பெட்டியில் ஆஸ்பிரின் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ப்ளூ வந்த பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால் ரே நோய்க்குறி என்னும், ஈரலையும் மூளையையும் தாக்கும் அபூர்வமான, உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும்.

பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்

ஜன்னல் உள்ள ஒரு சிறிய அறையை இதற்கென்று ஒதுக்குங்கள். பிள்ளைக்கு முகக்கவசம், கூட இருப்பவருக்கும் முகக்கவசம். தனியாக அடைத்து வைக்காதீர்கள். பயந்துபோன பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். குடிக்கத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். வேகமாக மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகள் உள்ளே இழுபடுவது, உதடு நீலம் பாய்வது, வலிப்பு, எழுப்பினாலும் தெளிவில்லாமல் இருப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, விட்ட காய்ச்சலும் இருமலும் மறுபடி வந்து மோசமாவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பெற்றோர் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இந்த வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டிவையுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எச்சரிக்கை மணி

அது வருகைப் பதிவேடு. சாதாரண வாரங்களில் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் வராமல் இருப்பார்கள் என்று இப்போதே கணக்கெடுங்கள். அது தெரியாமல் எது அசாதாரணம் என்று சொல்ல முடியாது. தினமும் காலை பத்து மணிக்குள், வராதவர்களின் எண்ணிக்கையும் அதில் காய்ச்சல், இருமலால் வராதவர்கள் எத்தனை என்பதும் ஒரே தாளில் உங்கள் மேசைக்கு வரட்டும். ஒரு வகுப்பில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆனால் அன்றைக்கே சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். இரண்டு மடங்கு என்பது மருத்துவ விதி இல்லை, தொடங்குவதற்கு நான் சொல்லும் எல்லை. உங்கள் பள்ளியின் கணக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்குத் திங்கட்கிழமை 17 என்று தெரிந்தது. இந்தத் தாள் இருந்திருந்தால், வெள்ளிக்கிழமையே மூன்றோ நான்கோ என்று காட்டியிருக்கக்கூடும். அன்றைக்கே பொதுக்கூட்டத்தை நிறுத்தியிருக்கலாம், ஜன்னல்களைத் திறந்திருக்கலாம், பட்டியலில் உள்ள வீடுகளுக்குப் போன் செய்திருக்கலாம்.

யார் யாருக்குப் போன் செய்வது, நீங்கள் படுத்துவிட்டால் யார் பொறுப்பு, அவரும் படுத்துவிட்டால் யார் என்று மூன்று பெயர்கள் வரை எழுதிவையுங்கள். பெற்றோருக்கு அனுப்பும் செய்தியையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தேதியும் வகுப்பும் மட்டும் நிரப்பும்படி. பதற்றத்தில் எழுதிய செய்தி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

திட்டத்தை நிர்வாகத்திடம் கொடுப்பதற்கு முன் ஒரு மாலை அந்தப் பையன் வீட்டுக்குப் போய் வாருங்கள். பெயரைப் போட்டது தவறு என்று அவனுடைய அம்மா அப்பாவிடம் மட்டும் அல்ல, அவனிடமும் சொல்லுங்கள். அவனால் நோய் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்கு மருத்துவக் காரணம் இது என்று நான் மேலே எழுதியதை அவனுக்குப் புரியும்படி விளக்குங்கள். அவன் சம்மதித்தால், பெயர் சொல்லாமல், அதே வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு திருத்தம் போடுங்கள்.